பிள்ளையைப் பறிகொடுத்த பின் புதிய நட்பு

(கோபிசெட்டிபாளையத்தில் பெற்றோர் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கமுங்க.

பெரியவர்கள் இறந்தால் நமக்குக் கருமாதி உண்டு, வருஷ தெவசம் உண்டு. அந்தந்த நாளில் நாலு பேர் வந்து உட்கார்ந்தாக வேண்டும். சிறு பிள்ளை இறந்தால் பல குடும்பங்களில் சடங்கெல்லாம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் அதோடு கிளம்பிவிடுகிறார்கள். தாயும் தகப்பனும் அதற்குப் பிறகுதான் அழவே ஆரம்பிக்கிறார்கள்.

இதோடு இன்னொரு இழப்பும் சேர்ந்து வருகிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முப்பது நாற்பது வயதில் நமக்கு இருக்கிற சிநேகிதங்களில் பல, பிள்ளை மூலமாக வந்தவை. சாயந்திரம் ஸ்கூல் வேன் நிற்கிற முக்கில் கூட நின்ற அம்மாக்கள், டியூஷன் வாசலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மஞ்சள் விலை பேசிய அப்பாக்கள். பிள்ளை போனதும் அந்த முக்குக்குப் போக வேலையில்லை. போனாலும், எதைப் பேசுவது என்று அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் வீட்டுப் பையன் பத்தாவது பரீட்சை எழுதுவான், அவர்களால் அதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அந்த இடம் காலியாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதியவர்களைத் தேடுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகமாகத் தோன்றும். அந்த எண்ணம் பலருக்கும் வருகிறது. அது வருகிறது என்பதாலேயே உண்மையாகிவிடாது.

இரண்டு விதமான நண்பர்கள் வேண்டும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஷூட்டும் 1999இல் சொன்னார்கள்: துக்கப்படுகிற மனசு ஒரு நேரம் இழப்பை நோக்கித் திரும்பும், ஒரு நேரம் அன்றாட வாழ்க்கையை நோக்கித் திரும்பும், இப்படிப் போய்ப்போய் வருவதுதான் இயல்பு என்று. பிள்ளையின் பேரைச் சொல்லி அழ ஒருவர் வேண்டும். பேரே தெரியாமல், தக்காளி நாற்றைப் பற்றி மட்டும் பேச இன்னொருவரும் வேண்டும். ஒரே ஆள் தலையில் இரண்டையும் ஏற்றினால் ஆறு மாதத்தில் அவர் களைத்துப்போவார்.

எங்கே தேடுவது? வாரத்தில் பல நாள், ஒரே இடம், ஒரே நேரம், கையில் ஏதாவது வேலை. இத்தனை இருந்தால் போதும். பால் சொசைட்டியில் காலைக் கறவை ஊற்ற வரிசையில் நிற்பது, விடியற்காலை நடை, தையல் வகுப்பு, உழவர் சந்தையில் பக்கத்துக் கடை, இதெல்லாம் நல்லது. பள்ளிக்கூடப் பேருந்துகள் ஓடுகிற நேரத்தை முதல் வருஷம் தவிர்த்துவிடுங்கள். வள்ளி கும்மிப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். ஊரே ஒன்றாக ஆடுகிற அருமையான இடம்தான், ஆனால் உங்கள் பிள்ளை வயசுப் பிள்ளைகளும் அதே வட்டத்தில் ஆடும். போகத்தான் வேண்டும் என்றால் முதலில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கே போனாலும் சொந்த வண்டியில் போங்கள். நெஞ்சு அடைக்கும்போது யாரையும் கேட்காமல் கிளம்ப முடியும் என்ற தைரியம் இருந்தால்தான் அடுத்த வாரமும் கால் அங்கே போகும்.

அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களையும் ஆராய்ந்து 2018இல் ஒரு கணக்குச் சொன்னார். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். தினம் 40 நிமிடம், வாரம் ஐந்து நாள் சேர்ந்து நடந்தால் 50 மணி நேரம் ஆக 15 வாரம். துக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் கூடவே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்தில் "யாரும் ஒட்டலீங்க" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் நிறைய.

இப்போது எல்லோரும் பயப்படுகிற இடம். கல்யாண மண்டபத்துப் பந்தி. இலை போட்டாயிற்று, பக்கத்தில் புதுசாக ஒரு அம்மா. முதல் பொரியல் விழுவதற்குள் கேட்பார்கள்: "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?" இதற்குப் பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போக வேண்டும். மறுபடி பார்க்கப்போகிறவரிடம், "ரெண்டு பேருங்க. பொண்ணு படிக்கறா. பையன் தவறிட்டானுங்க." ஒரே பிள்ளையை இழந்தவர்கள், "ஒரு பையன் இருந்தானுங்க, தவறிட்டான். இப்ப அதப் பத்திப் பேச முடியலீங்க." இனிப் பார்க்கவே போகாதவரிடம், இருக்கிற பிள்ளையை மட்டும் சொன்னால் குற்றமில்லை. அன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறதோ அவ்வளவுதான் பதில். வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். முதல் தடவை குரல் உடைகிற இடம் எதுவென்று தெரிந்துவிடும், அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பதிலாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் இரண்டு என்றும் ஒருத்தர் ஒன்று என்றும் சொன்னால், அன்றிரவு வீட்டில் அந்த ஒரு எண்ணிக்கை பெரிய சண்டையாகும்.

தொடர்ந்து பழகப்போகிறவரிடம் எப்போது சொல்வது? நாலைந்து தடவை சந்தித்த பிறகு, பிரிகிற நேரத்துக்குச் சற்று முன்னால், நடந்துகொண்டே சொல்லுங்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்து சொல்வதைவிட இது சுலபம். பேர், வயசு, எப்போது, இவ்வளவு போதும். ஆஸ்பத்திரி விவரம், விபத்து விவரம் வேண்டாம். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டினால் கேட்டவர் மிரண்டு ஒதுங்குவார், இல்லையென்றால் உங்களைப் பரிதாபமாக மட்டுமே பார்க்க ஆரம்பிப்பார். மாதக்கணக்கில் மறைத்தாலோ, பிள்ளைகள் பேச்சு வரும்போதெல்லாம் நீங்கள் நடிக்க வேண்டியிருக்கும்.

அதே இழப்பைச் சந்தித்தவர்களின் துணை வேறு ரகம். 1968இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர மருத்துவமனையில் கென்னத், பில்லி என்று இரண்டு சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். கென்னத்தின் பெற்றோர் பில்லியின் அடக்கத்துக்குப் பூ அனுப்பினார்கள். நன்றி சொல்ல வந்த பேச்சு, தேநீர்ச் சந்திப்பாக வளர்ந்தது. தான் சொன்ன ஆறுதலைவிட இவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த ஆறுதல் பெரிது என்று கண்ட அந்த மருத்துவமனைப் பாதிரியார் சைமன் ஸ்டீபன்ஸ், 1969இல் இவர்களோடு ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். அதுதான் ‘கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்’ என்று பல நாடுகளுக்குப் பரவியது. தொடக்கம் இரண்டே குடும்பங்கள்.

நம் பக்கத்திலும் இரண்டு குடும்பம் இருந்தால் தொடங்கலாம். மாதம் ஒரு தடவை, மாறாத கிழமை, ஒன்றரை மணி நேரம். பத்துப் பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள், இல்லையென்றால் பேசுகிறவரே பேசுவார். இடம் தேடும்போது ஊரில் இலவசமாகக் கிடைப்பது பள்ளி வகுப்பறைதான். அதை மட்டும் எடுக்காதீர்கள். அந்தச் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பேச முடியாது. கோயில் மண்டபமும் வேண்டாம், சாமி மேல் கோபமாக இருக்கிறவர்கள் உள்ளேயே வரமாட்டார்கள். நூலக அறையோ, நெசவாளர் சங்கக் கூடமோ கேட்டுப் பாருங்கள். முதலில் ஒவ்வொருவரும் பிள்ளையின் பேரைச் சொல்லட்டும். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. "உங்களுதாவது நோவுல போச்சு, எங்களுது திடீர்னு" என்று எடை போடுகிற பேச்சு வந்த அன்றே கூட்டம் உடையும், அதனால் நடத்துகிறவர் மெதுவாக அங்கேயே நிறுத்த வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவை ராத்திரி ஒன்பதுக்கு மேல் மூடி வையுங்கள். ஒருவர் நடுராத்திரியில் போட்ட படம் இருபது வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆண்களை வட்டமாக உட்காரவைத்தால் பேசமாட்டார்கள். சொட்டுநீர்க் குழாய் இழுக்கக் கூப்பிடுங்கள், வரப்பிலேயே பேச்சு வரும்.

நண்பரால் ஆகாத காரியமும் இருக்கிறது. பிள்ளையோடு போய்விட வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வருஷம் தாண்டியும் தினந்தோறும் அதே கனம் இருந்து, சோறு, தூக்கம், வேலை எதுவும் ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

கடைசியாக, இழப்பைச் சந்திக்காத உங்களுக்கு ஒரு வார்த்தை. "இன்னொன்னு பெத்துக்கங்க" என்று சொல்லாதீர்கள். "பேரென்னங்க?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சித்த நேரம் உட்காருங்கள். பிறந்தநாளையும் இறந்தநாளையும் போனில் குறித்து வையுங்கள். நோம்பிக்கும் விசேஷத்துக்கும் கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். வரமாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்துவிட்டால் அவர்களுக்கு ஊரே கதவைச் சாத்தின மாதிரி ஆகிவிடும். பத்திரிகை கொடுக்கும்போது, "முடிஞ்சா வாங்க அக்கா, முடியாட்டி பரவால்லீங்க, மறுநா நானே வந்து பாக்கறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் சொன்னபடி போய்ப் பாருங்கள்.