இலவு காத்த தாத்தா

அவைத்தலைவர் அவர்களே, சமூக மன்றச் செயற்குழுவினரே, தமிழாசிரியப் பெருமக்களே, ஒலிவாங்கியைத் தம் கையாலேயே தாழ்த்திக் கொடுத்த செயலாளர் அவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியோர் பொறுத்தருள்க.

உள்ளதை நேராகச் சொல்லும் நேர்க்கூற்று, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும் உவமை, பொருளை வெளியே சொல்லாமல் உள்ளே வைக்கும் உள்ளுறை ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? தெரிவதைத் தெரிந்தபடி சொன்னாலே அழகுதான். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளில் முதலில் வைத்தது உவமையை அல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லும் தன்மையணியை.

ஒரு மாணவர் கட்டுரை. தாத்தா 12ஆம் மாடிக்குப் போக வேண்டும். மின்தூக்கிக்கு 'இலவு காத்த கிளி போல' காத்திருந்தார். வந்தது, ஏறினார், பாதியில் நின்றுவிட்டது. 'இஞ்சி தின்ற குரங்கு போல' விழித்தார். 'அனலில் இட்ட மெழுகு போல' உருகினார். கதவு திறந்ததும் 'அடியற்ற மரம் போல' விழுந்தார். (சிரிப்பு.) இருங்கள், பாட்டி அங்கே 'பசுமரத்தாணி போல' நின்றாராம்! கிளி, குரங்கு, மெழுகு, மரம், ஆணி எல்லாம் இருக்கின்றன, தாத்தாவைத்தான் காணோம். அவசர மணியை அழுத்தினாரா? கையிலிருந்த மீன் பை என்ன ஆயிற்று? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, ஐயா!

வினை (செயல்), பயன் (விளைவு), மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று உவமை பொருந்தும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம். இலவு காத்த கிளியை வைத்துப் பாருங்கள். காத்திருக்கும் வினை பொருந்துகிறது, பயன் பொருந்தவில்லை. கிளி ஏமாந்தது, தாத்தாவுக்கோ மின்தூக்கி வந்துவிட்டது. எழுதியதில் ஐயம் வந்தால் உவமையை எடுத்துவிட்டு வாசியுங்கள். பொருள் குறையவில்லையென்றால் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. இலவங்காயை அது எங்கே கண்டது? பட்டியலில் மனப்பாடம் செய்தது. ஆனால் நம் பூமலையிலேயே, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலேயே, வானளாவ ஓர் இலவ மரம் நிற்கிறது! காய் முற்றினால் பழுப்பதில்லை, காய்ந்து வெடிக்கும். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் கரிய விதை. கிளி ஏன் ஏமாந்தது என்பது அங்கே நின்று பார்த்தால் புரிந்துவிடும்.

ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமை, காலை 8 மணிக்கு, பூமலையில் தமிழ்நடை. மரத்துக்குப் பெயர் சொல்ல வேண்டும், தமிழில் மட்டும். ஒரு மரத்துக்கு நேர்க்கூற்றாக மூன்று வரி எழுதிய பிறகுதான் உவமைக்கு அனுமதி. உள்ளுறையைப் பற்றி... தலைவர் மணியைத் தொடுகிறார், சரி. பதிவுத்தாள் வாசலில், காப்பி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவைக் கட்டி வைத்திருக்கிறோம்.