ஆறடி மேசையில் ஓர் ஊரின் கோப்பை

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் பலருக்குச் சிறியதாகத் தோன்றக்கூடும். இங்கிலாந்தின் சிறுநகரங்களில், பப் என்று நாம் அறிந்த மதுக்கூடங்கள் பலவும், கோலால் பந்தை அடித்துக் குழியில் போடும் எய்ட்பால் என்ற மேசை ஆட்டத்துக்குத் தலா ஓர் அணியை வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் தமக்குள் மோதி, கடைசியில் ஓர் உள்ளூர்க் கோப்பைக்காக இறுதியாட்டம் ஆடுகின்றன. அந்த இறுதியாட்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கையில் கியூ கோலோடு மேசைமுன் குனிகிறவர் எப்போதும் ஒரே ஒருவர்; அவர் குறி பார்க்கும்போது அணியில் வேறு யாரும் உதவ முடியாது. இப்படித் தன்னந்தனியாக ஆட வேண்டிய ஓர் ஆட்டத்தை எடுத்து, அதை ஒரு தெருவுக்கே சொந்தமான அணி ஆட்டமாக அந்த எளிய மக்கள் ஆக்கியிருக்கிறார்கள். அதை ஒரு பெரும் பண்பாட்டுச் சாதனையாகவே நான் கருதுகிறேன்.

முதலில் மேசையைச் சொல்லிவிடுகிறேன். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்னூக்கர் ஆட்டத்தின் மேசை பன்னிரண்டடி நீளம். பப் மேசைக்கு ஏழடி மேசை என்று பெயர் இருந்தாலும் பந்து உருளும் பரப்பு ஏறத்தாழ ஆறடிக்கு மூன்றடிதான். சிவப்பில் ஏழு, மஞ்சளில் ஏழு, கறுப்பு ஒன்று, அடிப்பதற்கு வெள்ளை ஒன்று. தன் நிறப் பந்துகள் ஏழையும் பாக்கெட்டில், அதாவது மேசை ஓரத்துக் குழியில், போட்டுவிட்டு அதன்பின் கறுப்பையும் போடுகிறவர் அந்த ஃபிரேமை, அதாவது அந்தச் சுற்றை, வெல்வார். இடையிலேயே கறுப்பு விழுந்துவிட்டால், அல்லது முடிவில் கறுப்போடு வெள்ளையும் சேர்ந்து விழுந்துவிட்டால், அதுவரை ஆடிய அத்தனையும் வீண். நம் வீட்டுத் திண்ணைகளில் கேரம் ஆடியவர்களுக்கு, கடைசி நேரத்தில் ஸ்டிரைக்கரும் கூடவே விழும் அந்தப் பதைப்பு புதிதல்ல.

பப் மேசை காசு போட்டு ஆடும் மேசை. நாணயத்தைப் போட்டால் பந்துகள் தட்டில் வந்து விழும். பாக்கெட்டில் விழுந்த நிறப் பந்துகளை அடுத்த நாணயம் வரும்வரை மேசை தன் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். ஆனால் வெள்ளை தவறி விழுந்தால் அதை மட்டும் உடனே திருப்பித் தந்தாக வேண்டும். இதற்காகவே பழைய காசு மேசைகளில் நிறப் பந்துகள் இரண்டு அங்குலமும், வெள்ளை அதைவிட அரைக்கால் அங்குலம் குறைவாகவும் இருக்கும். உள்ளே இருக்கும் பாதை அந்த அளவு வேறுபாட்டைக் கொண்டே வெள்ளையைப் பிரித்தெடுக்கிறது. இயந்திரத்தின் வசதிக்காகச் செய்த இந்த ஏற்பாடு ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிட்டது. எடை குறைந்த வெள்ளைப் பந்தை மோதலுக்குப்பின் பின்னோக்கி இழுப்பது எளிது. மோதிய பந்தைப் பின்தொடர்ந்து முன்னே ஓடவைப்பது கடினம். பப்பிலேயே ஆடிப் பழகிய கைகளுக்கு இந்தக் கணக்கு தானாகவே வந்துவிடுகிறது. 2006ஆம் ஆண்டு எய்ட்பால் உலகப் பட்டம் வென்ற லெஸ்டர் நகரத்து மார்க் செல்பி, பிறகு ஸ்னூக்கரில் நான்கு முறை உலகப் பட்டம் வென்றார் என்பதை, இது சில்லறை ஆட்டம் என்று நினைப்பவர்களுக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

நமக்கு இதில் ஓர் உறவும் உண்டு. இந்தச் சிறிய மேசை யாரிடமிருந்து தன் பச்சைத் துணியையும் வளைந்த பாக்கெட் வாயையும் பெற்றதோ, அந்த ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் படையதிகாரியால் தொடங்கப்பட்டு, 1880களில் நம் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டு உருப்பெற்றது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர். அன்றைய ஊட்டி கிளப்பின் வாசலைத் தாண்ட முடியாத நிலையில் இருந்த மக்களைப் போன்றவர்களே இங்கிலாந்திலும் இந்தச் சிறிய மேசையைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வார நாட்களின் இரவுகளில் நடக்கும். வெள்ளியும் சனியும் பப்பில் கூட்டம் தானாக வரும்; செவ்வாய் இரவு வெறிச்சோடிக் கிடக்கும் கூடத்துக்கு இரண்டு அணிகள் வந்தால் நடத்துபவருக்கும் வருமானம். ஆகவே அவர் அணிக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார், ஆட்டம் முடிந்ததும் இரு அணிக்கும் சாண்ட்விச்சும் சிப்ஸும் எடுத்துவைப்பார். குழாய் வேலை செய்பவர், லாரி ஓட்டுபவர், மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் பெண், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று அணி சேரும். சம்பளம் கிடையாது, பெட்ரோல் செலவும் அவரவருடையது.

கோப்பைப் போட்டி வேறு வகை. லீக்கில் ஒருநாள் தோற்றால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். கோப்பையில் தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறுதியாட்டம் பெரும்பாலும் இரு அணிக்கும் சொந்தமில்லாத ஒரு பொது இடத்தில் நடக்கும். தன் பப் மேசையில் பந்து மோதித் திரும்பும் விளிம்பான குஷன்களில் எது சோம்பியிருக்கும், எந்த மூலை பந்தைத் தானாக இழுத்துக்கொள்ளும் என்று பத்தாண்டுகளாக அறிந்துவைத்திருக்கும் ஆட்டக்காரர், அன்று அந்த அறிவு எதுவும் உதவாத ஒரு மேசையில் நிற்கிறார்.

லங்காஷயரில் ஒரு தொழிலாளர் கிளப்பில் நடந்த இறுதியாட்டத்தை நான் பார்த்தேன். ஒன்பது ஃபிரேம், ஐந்தை முதலில் எடுக்கும் அணிக்குக் கோப்பை. ஆட்டம் தொடங்குமுன்பே பாதி யுத்தம் நடந்துவிடுகிறது என்பதை அங்கேதான் கண்டேன். எதிரணி யாரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று தெரியாமலேயே, இரு தலைவர்களும் தம் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்திச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சிறந்த ஆட்டக்காரரை முதலில் இறக்கினால் அணிக்குத் தெம்பு வரும். ஆனால் முடிவில் நெருக்கடி வரும்போது கையில் யாரும் இருக்கமாட்டார்கள். அவரைக் கடைசிக்கு வைத்தால், அவருடைய முறை வருமுன்பே ஆட்டம் முடிந்து, அவர் கோலைப் பையிலிருந்து எடுக்காமலேயே தோற்றுப்போகக்கூடும். யாருக்குக் கை நடுங்கும், யார் பின்தங்கியிருக்கும்போதுதான் நன்றாக ஆடுவார், யாருக்கு அன்று வீட்டில் மனக்கஷ்டம் என்பதெல்லாம் அறிந்த ஒருவரால் மட்டுமே அந்தச் சீட்டைச் சரியாக எழுத முடியும். தனி மனிதர்களின் ஆட்டம் அணியின் ஆட்டமாக மாறும் இடம் அந்தச் சிறு காகிதம்தான்.

நான்குக்கு நான்கு என்று நின்றது. ஒன்பதாவது ஃபிரேமில் மஞ்சளை ஆடியவர் வயதில் மூத்தவர். அவருக்கு மிஞ்சியது இரண்டு மஞ்சள், பிறகு கறுப்பு. எதிரிக்கு மூன்று சிவப்பு. ஒரு மஞ்சள் மூலைப் பாக்கெட்டின் வாயிலேயே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். கறுப்போ பக்கவாட்டுக் குஷனை ஒட்டினாற்போல் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அவர் வாயில் நின்ற பந்தைப் போடுவார் என்றே எதிர்பார்த்தோம். அவர் போடவில்லை. அந்தப் பந்து அங்கே நிற்கும்வரை எதிரியின் சிவப்பு அந்தப் பாக்கெட்டில் நுழைய முடியாது. அவர் மற்ற மஞ்சளை மெல்லத் தொட்டார். அது கறுப்பின் ஓரத்தில் இடித்துக் குஷனிலிருந்து ஒரு சாண் தள்ளி வெளியே கொண்டுவந்தது. வெள்ளை ஒரு குஷனைத் தொட்டுத் திரும்பி அதே மஞ்சளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. எதிரியின் கண்ணுக்கு ஒரு சிவப்பும் தெரியவில்லை. எதிரணியினர்தாம் முதலில் தம் கோல்களின் அடிப்பாகத்தால் தரையைத் தட்டினார்கள். நல்ல அடியை எதிரியே பாராட்டும் முறை அது. எதிரே ஆடிய இளைஞர் வெள்ளையைக் குஷனில் மோதவிட்டுச் சிவப்பைத் தொட முயன்றார், விரலளவு தவறியது. தவறுக்கு எதிராளிக்கு இரண்டு வாய்ப்பு. பெரியவர் முன்பு தொட்ட மஞ்சள், மூலை மஞ்சள், கறுப்பு என்று அவசரமின்றி முடித்தார்.

இந்த ஆட்டங்களில் சம்பளம் வாங்கும் நடுவர் பெரும்பாலும் இல்லை. இரு அணிகளைச் சேர்ந்தவர்களே மாறி மாறி நின்று, பந்து தொட்டதா இல்லையா என்று சொல்கிறார்கள். கோப்பை கைநழுவும் நேரத்திலும் தன் அணிக்காரர் செய்த தவறை உரக்கச் சொல்ல வேண்டிய பொறுப்பு அது. ஊரறிய ஒருமுறை பொய் சொன்னவர் மறுவாரம் எந்த பப்பிலும் நிமிர்ந்து நடக்க முடியாது என்பதால், அந்த ஒழுங்கை எழுதப்பட்ட விதியைவிட அக்கம்பக்கமே காக்கிறது. விதிகளே பப்புக்குப் பப்பு மாறக்கூடியவை. கறுப்புப் பந்துக்கு ஒரு வாய்ப்பா இரண்டா என்று ஆட்டத்துக்குமுன் பேசி முடித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

இத்தகைய அணிகள் குறைந்துவருகின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தின் மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. உடல்நலத்துக்கு அது தேவையான சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் மாலை முழுவதும் உள்ளேயே உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் கலைந்தது. 2020 மார்ச்சில் தொற்றுக்காலத்தில் பப்புகள் மூடப்பட்டபோது லீக்குகளும் நின்றன. இவற்றைவிடக் கொடியது இடத்தின் கணக்கு. மேசை ஆறடிதான் என்றாலும், கோலை வீசிக் குனிய நாற்புறமும் இடம் விட வேண்டும். அதே பரப்பில் நான்கைந்து சாப்பாட்டு மேசைகள் போடலாம். அவை ஞாயிறு மதியம் ஈட்டும் பணத்தோடு, நாணயம் நாணயமாகச் சேர்ந்து, மேசையை வாடகைக்குத் தந்த நிறுவனத்தோடும் பங்கிட வேண்டிய வருமானம் போட்டியிட முடியாது. மேசை வெளியேறும் நாளில் அணியும் கலைகிறது. அந்த ஆட்டக்காரர்கள் வேறு பப்புக்கு ஆடப் போகலாம், ஆனால் அது அவர்கள் தெருவின் அணியாக இருக்காது.

அந்த நாட்டில் வாழும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மது அருந்தாதவர்களும் அங்கே போகலாம். எலுமிச்சைச் சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மேசையின் விளிம்பில் உங்கள் நாணயத்தை வையுங்கள். அடுத்த ஆட்டம் உங்களுடையது என்பதற்கு அதுவே முன்பதிவு. வென்றவர் மேசையிலேயே இருப்பார், நீங்கள் அவரோடு ஆடுவீர்கள். இரண்டு வாரம் ஒழுங்காக ஆடினால், செவ்வாய்க்கிழமை அணிக்கு ஓர் ஆள் குறைகிறது, வர முடியுமா என்று தலைவரே வந்து கேட்பார்.