காப்பி முடிஞ்சுது, ஆனா எங்க போச்சு? – டர்ட்டி பேஜும் எஃப்சிங்கும்

வணக்கம். இன்னிக்கு ஸ்லைடு கிடையாது, டெர்மினல் மட்டும்தான். 16 ஜிபி ராம் இருக்கிற லினக்ஸ் மெஷின், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் போட்ட ஒரு பழைய பென் டிரைவ்.

இடது விண்டோவுல மெமரி கணக்கக் காட்டுற ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் மெம்இன்ஃபோ வினாடிக்கு ஒரு தடவ ஓடுது. அதுல டர்ட்டி, ரைட்பேக்னு ரெண்டு வரி மட்டும் எடுத்திருக்கேன். டர்ட்டின்னா டிஸ்க்குக்கு இன்னும் எழுதாம ராம்ல நிக்கிற டேட்டா, ரைட்பேக்னா இப்ப எழுதிக்கிட்டு இருக்கிறது. க்ரெப் போடும்போது டர்ட்டிக்குப் பெரிய டி போடுங்க, சின்ன டி போட்டா ஒண்ணுமே வராது. வலது விண்டோவுல 1 ஜிபி ஃபைல பென் டிரைவுக்கு சிபி கமாண்டால காப்பி பண்றேன். எண்டர்.

பாத்தீங்களா, உடனே ப்ராம்ப்ட் வந்துருச்சு. இந்த பென் டிரைவ் எழுதுற வேகம் வினாடிக்கு சுமார் 10 எம்பி. அப்படின்னா 100 வினாடி ஆகணும். இப்ப இடது பக்கம் பாருங்க, டர்ட்டி எண் எங்கயோ போய் நிக்குது. ஃபைல் இன்னும் ராம்லதான் கிடக்கு. இப்ப பென் டிரைவ உருவினா போச்சு. பாக்கிய டிஸ்க்குக்கு எழுதி முடிக்கிற சிங்க் கமாண்ட வலது பக்கம் அடிக்கிறேன். கர்சர் அப்படியே நிக்குது பாருங்க, அது ஓடட்டும், நாம பேசுவோம்.

ரைட் கால்னா, ஃபைல்ல எழுதச் சொல்லி ப்ரோக்ராம் லினக்ஸோட மையமான கெர்னலக் கூப்பிடுறது. அது என்ன பண்ணுதுன்னா, உங்க டேட்டாவ பேஜ் கேஷ்ல, அதாவது ஃபைல் டேட்டாவுக்காக ராம்ல கெர்னல் வெச்சிருக்கிற இடத்துல, காப்பி பண்ணி, அந்தப் பேஜ் மேல டர்ட்டின்னு ஒரு குறி போட்டுட்டுத் திரும்பி வந்துடும். அவ்ளோதான் அதோட வேலை. பேஜ்னா கெர்னல் மெமரியப் பிரிக்கிற துண்டு, ஒண்ணு வழக்கமா 4096 பைட். ஆர்ம் மெஷின்ல 16 கேபி, 64 கேபி கூட இருக்கும், அதனால கோட்ல 4096னு நேரா எழுதாம கெட்கான்ஃப் பேஜ்சைஸ் போட்டுப் பாத்துக்கங்க.

இதுல ஒரு குட்டி விஷயம். பெரிய ஃபைலுக்கு நடுவுல 100 பைட் மட்டும் மாத்துறீங்க, அந்த இடம் கேஷ்ல இல்ல. கெர்னல் மீதி பைட்டுக்கு எங்க போகும்? முதல்ல டிஸ்க்ல இருந்து படிச்சுட்டு வந்துதான் உங்க 100 பைட்ட அதுல வைக்கும். எழுத மட்டுமே செய்யுற ப்ரோக்ராமுக்கு, டிஸ்க் போக்குவரத்தக் காட்டுற ஐஓஸ்டாட்ல ரீட் ஏறுதேன்னு குழம்பறது இதனாலதான்.

சரி, டர்ட்டி பேஜ் எப்ப டிஸ்க்குக்குப் போகும்? கெர்னலோட ஃப்ளஷர் 5 வினாடிக்கு ஒரு தடவ எழுந்து, 30 வினாடிக்கு மேல பழசானதை எழுதும். இது டைமர் கணக்கு. அளவு கணக்கு தனி: டர்ட்டி 10 சதவீதத்தத் தாண்டினா பின்னணியில எழுத ஆரம்பிக்கும். 20 சதவீதத்தத் தொட்டா எழுதுற ப்ரோக்ராமையே ரைட் காலுக்குள்ள தூங்க வெச்சிடும். இந்த சதவீதம் மொத்த ராம்ல இல்ல, அப்போதைக்குக் கிடைக்கிற மெமரில. 12 ஜிபி கிடைக்குதுன்னா 1.2 ஜிபி, 2.4 ஜிபி. பெரிய காப்பி முதல்ல பறந்துட்டு, அப்புறம் ஆமை மாதிரி ஊர்றது இந்த எல்லைய நெருங்கும்போதுதான்.

யூஎஸ்பிக்கு இந்த எல்லை ரொம்பத் தாராளம்னு நான் சொல்வேன். கெர்னல் செட்டிங்ல வி.எம். டர்ட்டி பைட்ஸுக்கு 268435456, டர்ட்டி பேக்கிரவுண்ட் பைட்ஸுக்கு 67108864 வெச்சா, 256 எம்பிக்கு மேல பாக்கி நிக்காது. 10 எம்பி வேகத்துல 25 வினாடிதான் காத்திருப்பு. பைட்ஸ் வெச்சதும் ரேஷியோ 0ன்னு காட்டும், பயப்பட வேணாம், ரெண்டுல ஒண்ணுதான் செல்லும். சிஸ்கண்ட்ரோல் டாட் டி ஃபோல்டர்ல எழுதி வைக்கலன்னா ரீபூட்ல போயிடும்.

ஆங், சிங்க் முடிஞ்சு கர்சர் வந்துருச்சு. டர்ட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். இப்ப அன்மவுண்ட் பண்ணிக் கழட்டலாம்.

டிடி கமாண்ட்ல டிஸ்க் வேகம் அளக்கறவங்களும் இதே குழியிலதான் விழறாங்க. சும்மா ஓட்டினா அது காட்டறது ராம் வேகம். கான்வ் ஈக்வல்ஸ் எஃப்டேட்டாசிங்க் சேருங்க, டேட்டா டிஸ்க்குக்குப் போன பிறகுதான் கணக்கு முடியும், எண் தரைக்கு இறங்கும். படிக்கிற வேகம் அளக்கணும்னா முதல்ல சிங்க், அப்புறம் கேஷக் காலி பண்ற ட்ராப் கேஷஸ்ல 1னு எழுதுங்க. வரிசைய மாத்தினா டர்ட்டி பேஜ் போகாம அங்கேயே இருக்கும், சுத்தமான பேஜத்தான் அது தூக்கும். வரிசையாப் படிக்கும்போது கெர்னல் வழக்கமா 128 கேபி வரைக்கும் முன்கூட்டியே இழுத்து வெச்சுக்கும், அதனால சின்னச் சின்ன ரீடும் வேகமாத் தெரியும்.

ஸ்வாப் பத்தி ரெண்டே வார்த்தை. ஃபைல்ல இருந்து வந்த சுத்தமான பேஜ கெர்னல் எழுதாமலே தூக்கிப் போடலாம், திரும்ப வேணும்னா ஃபைல்ல இருந்து படிச்சுக்கும். ப்ரோக்ராம் தன் வேலைக்கு மேலாக்ல வாங்கின பேஜுக்கு அப்படி வீடு கிடையாது, அதுக்குத்தான் டிஸ்க்ல ஸ்வாப்னு தனி இடம். விஎம்ஸ்டாட் கமாண்ட்ல எஸ்ஓ, அதாவது ஸ்வாப்புக்குப் போறது, மட்டும் எப்பவாவது ஏறினா விட்டுடுங்க. ஸ்வாப்ல இருந்து திரும்பி வர்ற எஸ்ஐயும் எஸ்ஓவும் சேர்ந்து ஓடிக்கிட்டே இருந்தா ராம் பத்தல.

இப்ப கோட் எழுதறவங்களுக்கு. பைத்தான்ல ஃப்ளஷ் பண்ணிட்டேன்னு நிம்மதியாப் போயிடறாங்க. ஃப்ளஷ் உங்க ப்ரோக்ராம் பஃபர்ல இருந்து கெர்னலுக்குத் தள்ளும், அதோட சரி. க்ளோஸும் டிஸ்க்குக்கு எழுதாது. அதுக்கு ஓஎஸ் டாட் எஃப்சிங்க் கூப்பிடணும், அதையும் ஃப்ளஷுக்கு அப்புறம்.

எஃப்சிங்க் எரர் குடுத்தா என்ன பண்ணுவீங்க? திரும்ப ஒரு தடவ கூப்பிடுவோம்னு தோணும். பண்ணாதீங்க. டிஸ்க்ல எழுத முடியாம தோத்த பேஜ, எக்ஸ்ட்4ல கெர்னல் டர்ட்டி குறிய எடுத்துட்டு சுத்தமானதுன்னே வெச்சிடும். எரர ஒரு தடவ சொல்லும், கடமை முடிஞ்சுது. ரெண்டாவது எஃப்சிங்குக்கு எழுத ஒண்ணும் மிச்சம் இல்ல, அதனால வெற்றின்னு 0 வரும். உங்க டேட்டா டிஸ்க்ல இருக்காது. 2018ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவே இதுல அதிர்ந்து போனாங்க. அதுக்கப்புறம் எஃப்சிங்க் தோத்தா, சர்வர நிறுத்தி லாக்ல இருந்து மீட்கிற மாதிரி மாத்திட்டாங்க. நீங்களும் கையில இருக்கிற மூல டேட்டாவ வெச்சுப் புது ஃபைல்ல மறுபடி எழுதுங்க.

ஒரு கான்ஃபிக் ஃபைல பத்திரமா மாத்தணும்னா, அதே டைரக்டரில தற்காலிகப் பேர்ல எழுதுங்க, அதுக்கு எஃப்சிங்க், அப்புறம் பழைய பேருக்கு ரீநேம். அதோட நிறுத்தாம டைரக்டரியத் திறந்து அதுக்கும் ஒரு எஃப்சிங்க். பேர் மாறினது டைரக்டரியோட சமாச்சாரம், ஃபைலுக்கு அடிச்ச எஃப்சிங்க் அதைக் காப்பாத்தாது. ரீநேமுக்கு முன்னாடி இருக்கிற எஃப்சிங்க விட்டீங்கன்னா, கரண்ட் போய் வந்ததும் சரியான பேர்ல 0 பைட் ஃபைல் உக்காந்திருக்க வாய்ப்பு இருக்கு.