வேட்பாளரை யார் முடிவு செய்வது? அமெரிக்கக் கட்சி மாநாடுகளின் கதை

[திரையில்: கறுப்பு வெள்ளைப் புகைப்படம். தலைகள் நிறைந்த பெரிய அரங்கம்.]

வணக்கம். இது 1924, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் கூடியிருக்கிறார்கள். ஜூன் 24 அன்று மாநாடு தொடங்கியது. ஜூலை 9 வந்துவிட்டது, அன்றுதான் ஒருவழியாக வேட்பாளர் கிடைத்தார். எத்தனையாவது சுற்று வாக்கெடுப்பில் தெரியுமா? 103வது சுற்றில்!

அந்தக் கட்சியில் அப்போது ஒரு விதி இருந்தது. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வாங்க வேண்டும். ஒரு பக்கம் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித், கத்தோலிக்கர். இன்னொரு பக்கம் வில்லியம் மெக்காடூ, அவருக்குப் பின்னால் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆதரவு. கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. அது நூலிழையில் தோற்றது. அதன்பிறகு இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவே இல்லை. கடைசியில் இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு ஜான் டேவிஸ் என்பவரை நிறுத்தினார்கள். இந்தச் சண்டை முழுவதையும் மக்கள் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் டேவிஸ் படுதோல்வி அடைந்தார்.

சரி, இந்த மாநாட்டு முறை எப்படித் தொடங்கியது?

[திரையில்: பால்டிமோர் நகரின் பழைய ஓவியம்.]

ஆரம்ப காலத்தில் வேட்பாளரை முடிவு செய்தவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்கள், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றத்தினர். ஒரு அறையில் கூடிப் பேசி ஒருவரை அறிவித்துவிடுவார்கள். 1824இல் அப்படி ஒரு கூட்டம் போட்டபோது மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள்கூட வரவில்லை. நாலு பேர் கூடி நாட்டுக்கே ஆள் நிறுத்துவதா என்ற கோபம் வெளியே வளர்ந்திருந்தது. முதல் தேசிய மாநாட்டை நடத்தியது பெரிய கட்சி எதுவும் இல்லை. மேசன் ரகசிய சங்கத்தை எதிர்ப்பதற்காகவே உருவான ஒரு சின்னக் கட்சி, 1831இல், பால்டிமோரில் நடத்தியது. மற்ற கட்சிகள் உடனே அதே வழிக்கு வந்துவிட்டன.

மாநாடு என்றால் எதுவும் நடக்கலாம். 1860இல் சிகாகோவில் குடியரசுக் கட்சி கூடியபோது முதல் சுற்றில் முன்னால் நின்றவர் வில்லியம் சீவர்ட். ஆபிரகாம் லிங்கன் இரண்டாவது இடம், அதுவும் வெகு தூரத்தில். லிங்கன் அரங்கத்துக்கே வரவில்லை. வேட்பாளர் ஆகத் துடிப்பவர் நேரில் வருவது அழகல்ல என்று கருதிய காலம் அது. அவர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்தார், அவருடைய ஆட்கள் சிகாகோவில் இரவெல்லாம் பேரம் பேசினார்கள். மூன்றாவது சுற்றில் லிங்கன் ஜெயித்தார். இந்தப் பழைய முறையைக் குறை சொல்லும்போதெல்லாம் எனக்கு லிங்கன் நினைவுக்கு வருவார். மூடிய கதவுக்குப் பின்னால் நடந்த பேரம் அவரையும் கொடுத்திருக்கிறது.

ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் பார்க்க வேண்டும்.

[திரையில்: ஒரு பெண், முன்னால் ஒலிவாங்கி.]

இவர் ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பியின் பருத்தி வயல்களில் வேலை செய்த கறுப்பினப் பெண். வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டார். பிறகு, சிறையில் வைத்து அவரை அடித்தார்கள். 1964 ஆகஸ்டில், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு அவரும் தோழர்களும் வந்தார்கள். மிசிசிப்பியின் அதிகாரப்பூர்வப் பிரதிநிதிகள் எல்லோரும் வெள்ளையர்கள், எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஹேமர் தான் பட்ட அடிகளை, யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் குழுவின் முன் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேமராக்களைத் திருப்புவதற்காக அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். அது பலிக்கவில்லை. அன்றிரவே தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை ஒளிபரப்பின. கட்சி இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

நான்கு வருடம் கழித்து சிகாகோ. வியட்நாம் போரால் பெயர் கெட்ட ஜான்சன் தேர்தலிலிருந்து விலகியிருந்தார். போரை எதிர்த்து வேட்பாளர் ஆகப் போட்டியிட்ட ராபர்ட் கென்னடி ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். கட்சி வேட்பாளராக யார் வர வேண்டும் என்று மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்லும் தேர்தல்தான் பிரைமரி. மாநிலங்களில் நடக்கும் அந்தப் பிரைமரி தேர்தல்களில் போரை எதிர்த்தவர்கள் ஓட்டுகளை அள்ளியிருந்தார்கள். ஆனால் மாநாடு தேர்ந்தெடுத்தது, ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை. வெளியே தெருவில் போலீஸ் தடி இளைஞர்களின் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. 'உலகமே பார்க்கிறது' என்று கூட்டம் கத்தியது. உண்மையிலேயே பார்த்தது.

அந்த அவமானத்துக்குப் பிறகு கட்சி ஒரு சீர்திருத்தக் குழுவை அமைத்தது. பிரதிநிதிகளை வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடம் வேண்டும் என்றது. 1972 முதல் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரைமரிக்கு மாறின. குடியரசுக் கட்சியும் அப்படித்தான். இப்போது மாநாடு கூடும் முன்பே வேட்பாளர் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று தேவைப்பட்ட கடைசி மாநாடு 1952இல் நடந்தது.

[திரையில்: 2020 ஆகஸ்ட். ஆளில்லாத அரங்கம்.]

கொரோனா காலம். துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸ் ஆளில்லாத அரங்கில் நின்று பேசினார். தன் குடும்பத்தைச் சொல்லும்போது 'சித்தி' என்ற சொல் வந்தது. அவருடைய அம்மா சியாமளா சென்னையில் பிறந்தவர். அந்த ஒரு சொல்லைக் கேட்டு நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்தோம்!

அப்புறம் 2024. ஜூலையில் அதிபர் பைடன் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். பிரைமரிகள் முடிந்துபோயிருந்தன. அந்த வருடம் ஹாரிஸ் அவற்றில் போட்டியிடவில்லை. பிரதிநிதிகள் இணையவழியில் ஓட்டுப் போட்டு அவரை வேட்பாளர் ஆக்கினார்கள். ஹம்ஃப்ரிக்கு 56 வருடம் கழித்து, மீண்டும் பிரைமரி ஓட்டு இல்லாமல் ஒரு துணை அதிபர். அதைக் கொண்டாட மாநாடு கூடிய ஊரும் சிகாகோதான். நவம்பரில் ஹம்ஃப்ரியைப் போலவே அவரும் தோற்றார்.