திருப்பிப் போட்டு வாயப் பாருங்க

வணக்கம் நேயர்களே. அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் நெலத்துல வேலை பாத்துகிட்டே இத கேக்குறவங்களுக்கு ஒரு தனி வணக்கம், ஏன்னா நான் பேசப்போறதே உங்க நெலத்துல உக்காந்திருக்குற ஒண்ண பத்திதான். நாத்தப்பூச்சி. வேளாண்மை புத்தகத்துல நாவாய்ப்பூச்சின்னு போடுவாங்க. முப்பது வருஷத்துக்கு மேல காலேஜ்ல விலங்கியல் பாடம் எடுத்திருக்கேன், ஆனா இந்தப் பூச்சிய எப்படி அடையாளம் பாக்கணும்னு எனக்கு ஒழுங்கா புரிஞ்சது ஒரு வேர்க்கடலை கொல்லையிலதான்.

அணைக்கட்டு பக்கம் ஒரு விவசாயி, பழைய ஸ்டூடண்டோட அப்பா, காலையில போன் பண்ணி, சார் கடலையில இலைய திங்குற புரோடீனியா புழு கீது, இப்ப வரப்புல ஆமணக்கு மேல நாத்தப்பூச்சி வேற ஏறிடுச்சு, ரெண்டுக்கும் சேத்து மருந்து அடிச்சிடட்டுமா, கடைக்காரர் ஒரு பாட்டில் எடுத்து வெச்சிருக்காருன்னு கேட்டாரு. வேணாம், நான் வர்ற வரைக்கும் அடிக்காதீங்கன்னு சொல்லிட்டு பஸ் புடிச்சு போனேன். போயி ஆமணக்கு இலைய மெதுவா திருப்புனா பழுப்பு கலர்ல ஒரு பூச்சி, தோள்பட்டை ரெண்டு பக்கமும் முள்ளு மாதிரி கூரா நீட்டிகிட்டு இருக்கு, அந்த முள்ளோட நுனி கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கு. அதோட வாயில ஒரு புரோடீனியா புழு தொங்கிகிட்டு இருக்கு, அதவிட நீளமான புழு, கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிகிட்டு வருது. லென்ஸ அவர் கையில குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "இன்னா சார் இது, இது நம்ம ஆளாச்சே"ன்னாரு.

அந்தப் பூச்சியோட பேரு இயோகாந்தகோனா ஃபர்செல்லாட்டா. ஃபர்செல்லாட்டான்னா சின்ன கவட்டைன்னு அர்த்தம், 1811ல வோல்ஃப்னு ஒருத்தர் அந்தத் தோள் முள்ளுக்குப் பொருத்தமாவே பேர் வெச்சாரு. புழு புடிச்சு சாறு உறிஞ்சுற இனம். ஆனா பயிர் சாறு உறிஞ்சுற பச்சை நாவாய்ப்பூச்சியும் இதுவும் ஒரே குடும்பம், பென்டாடோமிடே. ஒரே வீட்டுல ஒரு புள்ள நம்மளுக்கு காவல் இருக்கு, இன்னொண்ணு நம்ம காயி சாற குடிக்குது, நாம நாத்தம் வருதேன்னு ரெண்டையும் ஒரே மருந்துல கொல்றோம். இத நெனச்சா எனக்கு இன்னிக்கும் மனசு ஆறாது.

சரி, எப்படி பிரிச்சு பாக்குறது. மொதல்ல முதுக பாருங்க, நடுவுல முக்கோணமா ஒரு கேடயம் இருக்கும். ரெக்கை பாதி தோல் மாதிரி தடிப்பா, மீதி பாதி கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும். அப்புறம் மீசை, அதாவது உணர்கொம்பு, அதுல கணுவ எண்ணுங்க, 5 இருக்கணும். பென்டாடோமிடேங்குற பேரே கிரேக்கத்துல அஞ்சு துண்டுங்குறதுலேர்ந்து வந்ததுதான். நெல்லுல பால் புடிக்கிறப்ப வர்ற கதிர் நாவாய்ப்பூச்சியும் நாறும், ஆனா அது ஒல்லியா நீளமா இருக்கும், அதுக்கு கணு 4தான், அது வேற குடும்பம். ஆனா ஒண்ணு, குஞ்சுப்பூச்சிய வெச்சு எண்ணாதீங்க, நாத்தப்பூச்சிக்கும் குஞ்சுல 4 கணுதான் இருக்கும், வளந்து ரெக்கை முழுசா வந்ததுக்கு அப்புறம்தான் 5.

நாத்தத்த வெச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு திரும்பத் திரும்ப சொல்றேன். பச்சை நாவாய்ப்பூச்சிய விரல்ல நசுக்கிட்டு மோந்து பாருங்க, கொத்தமல்லி தழைய கசக்குன மாதிரியே ஒரு நெடி அடிக்கும், ஏன்னா டெசினால்னு ஒரு பொருள் ரெண்டுலயும் இருக்கு. வளந்த பூச்சிக்கு அந்த நாத்தச் சுரப்பி அடிப்பக்கம் பின்னங்கால் கிட்ட, குஞ்சுக்கு முதுகுல. புழு தின்னுற பூச்சிக்கும் அது இருக்கு, அதுவும் நாறும்.

அப்ப எத பாக்கறது? வாயத்தான். பூச்சிய ஒரு கண்ணாடி பாட்டில்ல போட்டு தலைகீழா திருப்பி, 10 மடங்கு லென்ஸ் வெச்சு தலைக்கு அடியில பாருங்க. பயிர் சாறு உறிஞ்சுற பூச்சிக்கு வாய் தையல் ஊசி மாதிரி மெலிசா தலைக்கு அடியில ஒட்டி படுத்திருக்கும். புழு புடிக்கிற பூச்சிக்கு கோணி ஊசி மாதிரி தடிப்பா இருக்கும், மொத கணு தலையில ஒட்டாம விட்டு நிக்கும், அதனாலதான் அத முன்னால நேரா நீட்டி புழுவ குத்த முடியுது. லென்ஸ் இல்லேன்னா செல்போன் கேமராவ கிட்ட வெச்சு அடிப்பக்கம் ஒரு போட்டோ எடுங்க. எல்லாரும் முதுக மட்டும் எடுத்து அனுப்புறாங்க, அத வெச்சு நான் என்ன சொல்றது?

பச்சை நாவாய்ப்பூச்சி, நெசாரா விரிடுலா, லின்னேயஸ் 1758லயே பேர் வெச்சுட்டாரு. உடம்பு முழுக்க பச்சை, கேடயத்தோட முன் ஓரத்துல சின்னதா வெள்ளைப் புள்ளி வரிசை, ஓரத்துல ரெண்டு மூலையிலயும் குட்டியா கருப்பு. மொச்சைக் காயில வாய வெச்சுதுன்னா கொட்டை சுருங்கிப் போயிடும்.

அதே மொச்சை, அவரைக் கொடியில தண்டு சுத்தி கும்பலா ஒட்டிகிட்டு குண்டு குண்டா சின்னதா ஒண்ணு இருக்குமே, கையில பட்டா நாறுமே, அது மெகாகோப்டா. 1902ல டிஸ்டன்ட்ங்குறவர் பிரிட்டிஷ் இந்தியா பூச்சிகள பத்தி எழுதுன புத்தகத்துல அதையும் நாத்தப்பூச்சி குடும்பத்துலயே சேத்து வெச்சாரு, காட்டாமணக்கு மேல பளபளன்னு ஒக்காந்திருக்குற நகைப்பூச்சியையும் அப்படித்தான். இப்ப அதெல்லாம் தனித்தனி குடும்பம். மெகாகோப்டாவுக்கு பாதத்துல 2 கணு, நாத்தப்பூச்சிக்கு 3, இப்படி சின்னச் சின்ன விஷயம் பாத்துதான் பிரிச்சாங்க. அந்த அவரைப் பூச்சி 2009ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல போயி எறங்கி அங்க சோயாவுக்கு தலைவலியாயிடுச்சு.

அணைக்கட்டு விவசாயி மருந்து அடிக்கல. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு தீப்பெட்டியோட வேலூர் வந்தாரு, உள்ள ஆமணக்கு இலைத் துண்டு, அதுல கும்பலா முட்டை. இது யாரு முட்டை சார்னு கேட்டாரு. எனக்கும் பாத்த உடனே சொல்ல முடியல. ஒரு டப்பாவுல போட்டு மேல வேட்டித் துணி கட்டி வெச்சேன். ஒரு வாரத்துல பொரிஞ்சுது, குஞ்செல்லாம் அந்த ஓட்டு மேலயே கும்பலா ஒக்காந்துகிட்டு ஒண்ணும் திங்கல. பச்சை நாவாய்ப்பூச்சி குஞ்சும் அப்படித்தான் இருக்கும், அதனால அப்பவும் முடிவு பண்ண முடியல. மொத தோல் உரிச்சதும் பொடிசா ஒரு புரோடீனியா புழுவ உள்ள விட்டேன். கடுகு சைஸ் குஞ்சு ஒண்ணு மெதுவா நடந்து வந்து, அந்த தடிச்ச வாய நேரா முன்னால நீட்டிச்சு. உடனே அவருக்கு போன் போட்டு, ஆமணக்க தொடாதீங்க, எல்லாம் நம்ம ஆளுங்கதான்னு சொன்னேன்.