முழங்கால் ஆழத்தைத் தாண்டி

நேயர்களுக்கு வணக்கம். நம் மொரீஷியஸ் தீவைச் சுற்றிக் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது, அதைப் போய்ப் பார்ப்பது எப்படி என்று பேச நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நான் மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். ஓய்வு நாள்களில் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவேன். அதனால் பேச்சில் கொஞ்சம் வகுப்பறை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் குடும்பங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சவுக்கு மர நிழலில் பாய், பாய் நடுவில் பிரியாணிப் பாத்திரம், சற்றுத் தள்ளி யாரோ ரவான் மேளம் அடிக்கிறார்கள். பிள்ளைகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் கரையிலிருந்து பாட்டியின் குரல் வந்துவிடும். அதே நேரம், ஐரோப்பாவிலிருந்து இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நம் கண்ணெதிரே கவிழ்ந்து மிதக்கிறார்கள். அவர்கள் அங்கே எதைப் பார்க்கிறார்கள் என்று நாம் கேட்பதுகூட இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான். பாட்டியைக் குறை சொல்லவில்லை. பாட்டிக்கும் ஒரு மாஸ்க் மாட்டிவிட வேண்டும் என்கிறேன்.

முதலில் லகூனைப் பற்றி, அதாவது கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவிலுள்ள ஆழமில்லாத கடலைப் பற்றி. நம் தீவு எரிமலையில் பிறந்தது. அதைச் சுற்றி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு வளர்ந்திருக்கிறது. தெற்கே சூயாக், கிரிகிரி பக்கம் திட்டு இல்லை. அங்கே அலை நேராகப் பாறையில் வந்து மோதும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மற்ற இடங்களில் இந்தத் திட்டு என்ன வேலை செய்கிறது என்று புரியும். நம் ஊரில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டர்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் லகூனுக்குள் நீரோட்டம் உண்டு. எப்படி? விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் உடைந்த தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் விளிம்பைத் தாண்டி அலைகள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. சேர்ந்த தண்ணீர் எல்லாம் அந்த உடைப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த உடைப்பைத்தான் நாம் பாஸ் என்கிறோம். அலை பெரிதாக இருக்கும் நாளில் பாஸ் பக்கம் இழுப்பு பலமாக இருக்கும். நன்றாக நீந்துகிறவரையும் அது வெளியே கொண்டுபோய்விடும். லகூனில் இறங்குமுன் கரையிலுள்ள மீனவரிடம் “பாஸ் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கு அதைச் சொல்வதில் பெருமைதான்.

சரி, ஸ்நார்கல். மாஸ்க், வாயில் கடித்துக்கொள்ளும் குழாய், காலில் துடுப்பு, இவ்வளவுதான் சாமான். நீச்சல் தெரியாதே என்பீர்கள். உப்புத் தண்ணீரில், நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலான உடம்பு தானாக மிதக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டால் சந்தேகமே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்க, முகத்தை மட்டும் உள்ளே வைத்து மூச்சு விட்டுப் பழகினால் போதும். வெயில் பட்டு முதுகு வெந்துபோகாமல் இருக்க முழுக்கை லைக்ரா சட்டை போடுங்கள். தோலில் பூசும் கிரீம் கடலில் கரைவதும் குறையும், உடை விஷயத்தில் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் குறையும்.

மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: “சார், குழாயை நீளமாக்கினால் ஆழத்தில் இருந்தே மூச்சு விடலாமே?” முடியாது. ஒரு மீட்டர் ஆழத்தில் மார்பின் ஒவ்வொரு சதுர அடி மேலும் கூடுதலாகச் சுமார் 95 கிலோ எடை உட்கார்ந்திருக்கும். குழாய் வழியே வருவதோ மேலே உள்ள சாதாரணக் காற்று. அந்த எடையைத் தூக்கி நெஞ்சை விரிக்க எந்தப் பயில்வானாலும் வெகுநேரம் முடியாது. ஸ்நார்கல் குழாய் ஒரு முழத்துக்குள்ளேயே இருப்பது அதனால்தான்.

முதலில் எங்கே போவது? என்னைக் கேட்டால் தென்கிழக்கே ப்ளூ பே. 353 ஹெக்டேர் கடல் பூங்கா அது. 2008 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஒரு மூளைப் பவளம் உண்டு, குறுக்களவு ஐந்து மீட்டருக்கு மேல். இந்த வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு செண்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். 1735இல் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே இந்தத் தீவுக்கு வந்து இறங்கியபோதே அது வளர்ந்துகொண்டிருந்திருக்கும். புதுச்சேரியிலிருந்து நம் முன்னோர்களில் கொத்தனார்களும் தச்சர்களும் கப்பலேறி வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். அதன் மேல் காலை ஊன்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆள்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை வானொலியில் சொல்ல முடியாது. மீன்களை வரவழைக்க ரொட்டியைப் பிய்த்துப் போடும் சில படகுக்காரர்கள் மேலும் அதே கோபம் உண்டு. பாசியை மேய்ந்து பவளத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய மீனுக்கு ரொட்டி எதற்கு?

மீன் என்றதும் கிளிமீனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தண்ணீருக்குள் காதைத் தீட்டினால் கறக் கறக் என்று சத்தம் கேட்கும். பவளப் பாறையைக் கடித்து, பாசியைத் தின்றுவிட்டு, அரைபட்ட கல்லைக் கழிவாக வெளியேற்றுகிறது. நம் கடற்கரையின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். பாய் விரித்து உட்காரும்போது இதை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். இன்னொன்று, கடல் சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன். அதில் ஒரு வகை நம் மொரீஷியஸ் பக்கத்துக் கடலுக்கே உரியது. கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டைகள். அந்தக் குடும்பத்தில் உருவத்தில் பெரியது பெண், அவள் வைத்ததுதான் சட்டம். அவள் செத்துப்போனால் அடுத்த பெரிய ஆண் மீன் பெண்ணாக மாறிப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

சுறா இருக்குமா என்று கேட்பீர்கள். பக்கத்துத் தீவான ரெயூனியனில் நடந்த தாக்குதல்கள் எல்லார் மனத்திலும் இருக்கின்றன. அங்கே 2013இல் லகூனுக்கு வெளியே குளிப்பதற்கும் அலைச்சறுக்குக்கும் அரசு தடை போட்டது. ஆனால் ரெயூனியனில் திட்டு இருப்பது மேற்குக் கரையில் சுமார் 25 கிலோமீட்டருக்குத்தான். நம் கதை வேறு, திட்டு நம் தீவின் பெரும்பகுதியைச் சுற்றி நிற்கிறது. நம் லகூனில் நான் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று, வேகமாகப் பறக்கும் மோட்டார் படகு. பளிச்சென்று தெரியும் நிறத்தில் மிதவை ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு மிதப்பது நல்லது. மற்றொன்று கல்மீன், நம் ஆள்கள் லாஃப் என்பது. கல்லோடு கல்லாகக் கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். மிதித்துவிட்டால் 45 டிகிரி அளவில், தாங்கக்கூடிய சூட்டில், வெந்நீரில் காலை வைக்க வேண்டும். வலி மரத்த காலுக்குச் சூடு தெரியாது, ஆகவே சூட்டை வேறொருவர் கையை விட்டுப் பார்க்கட்டும். முப்பது நிமிடமாவது வைத்திருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். தடித்த அடியுள்ள ரப்பர் காலணி போட்டு இறங்கினால் இந்தப் பாடு குறையும்.

இனி ஸ்கூபா, அதாவது சிலிண்டர் காற்றோடு ஆழத்தில் இறங்குவது. பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் எமில் காஞ்யானும் 1943இல் உருவாக்கிய கருவியின் வழி வந்தது இது. அதற்கு முன்பும் நம்மவர்கள் கடலடிக்குப் போகாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைத் துணையாகக் கொண்டு இறங்கினார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனனாகத்தான் இருக்க வேண்டும், தங்கை தாலிக்காவது கண்ணும் கருத்துமாக இருப்பான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இன்று கயிறு இல்லை. ஆனால் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் என்ற விதி இருக்கிறது. இறங்குமுன் ஒருவர் சாமானை மற்றவர் சரிபார்ப்போம். உங்கள் காற்று தீர்ந்தால் அவருடைய சிலிண்டரிலிருந்துதான் நீங்கள் மூச்சு விட்டு மேலே வர வேண்டும். யாரை ஜோடி சேர்க்கிறோம் என்பதில் நான் மிகவும் கறார்.

பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, முப்பதில் நான்கு மடங்கு. வாயிலுள்ள ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றைத் தருகிறது. அதனால் நெஞ்சு எளிதாக விரிகிறது, காற்றும் அதே கணக்கில் சீக்கிரம் தீர்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று கரையில் இரண்டு மணி நேரம் வந்தால், பத்து மீட்டரில் ஒரு மணி நேரம், முப்பதில் அரை மணி நேரம். பதற்றத்தில் மூச்சிரைத்தால் அதுவும் கிடையாது. புதிதாக வருபவர்களில் வாட்டசாட்டமான இளைஞர்கள்தான் முதலில் காற்றைத் தீர்த்துவிட்டு நிற்பார்கள். நிதானமான ஐம்பது வயதுக்காரர்கள் பாதிக்கு மேல் மிச்சம் வைத்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டரில் நெஞ்சில் நிறைத்த காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். அடுத்தது நைட்ரஜன். அழுத்தத்தில் அது இரத்தத்திலும் சதையிலும் கரைந்திருக்கும். சட்டென்று மேலே வந்தால் குமிழாக வெளிவந்து மூட்டையும் நரம்பையும் தாக்கும். அதற்காகத்தான் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாமல், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருகிறோம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வர வேண்டாம், கர்ப்பிணிகள் வரவே வேண்டாம். சளி பிடித்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள், காது அடைத்துக்கொள்ளும். முதல் தடவை இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்து இறங்குவது 12 மீட்டருக்குள். முறையாகப் படித்து முதல் சான்றிதழ் வாங்கினால் 18 மீட்டர். படிக்க வயது பத்து ஆகியிருக்க வேண்டும், ஆனால் பன்னிரண்டு ஆகும்வரை 12 மீட்டர்தான்.

ஆழத்தில் நிறமும் மாறும். தண்ணீர் முதலில் சிவப்பு ஒளியைத்தான் விழுங்குகிறது. நெற்றியில் குங்குமத்தோடு 15 மீட்டரில் நின்றால் அது கறுப்பாகத் தெரியும். டார்ச் அடித்தால் மறுபடி சிவப்பு. வடக்கே த்ரூ ஓ பிஷ் பக்கம், 1987இல் மீன்களுக்கு வீடாகட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடித்த ஸ்டெல்லா மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் கிடக்கிறது. சுமார் 25 மீட்டர் ஆழம். அதன் சுவரில் டார்ச்சை ஓட்டிப் பாருங்கள், சாம்பல் நிறமாகத் தெரிந்ததெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாகக் கிளம்பும்.

கீழே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூலை 25இல் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்கே புவாந்த் தெஸ்னியில் திட்டில் தட்டி நின்றது. ஆகஸ்டில் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தது. எண்ணெயைத் தடுக்கக் கரும்புத் தோகையைத் துணியில் அடைத்துத் தைத்து மிதக்கவிட்ட கைகளில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலருடைய கைகளும் இருந்திருக்கும். எண்ணெய் பெரும்பாலும் வடக்கே மஹேபூர் பக்கம் ஒதுங்கியதால் ப்ளூ பே பெரும்பாலும் தப்பியது. வெப்பத்திலிருந்து அப்படித் தப்ப முடியாது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் தண்ணீர் கொதித்தால், பவளம் தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். உலக அளவில் நான்காவது முறையாக இது நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். வெளுத்ததெல்லாம் செத்ததில்லை, தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் தேறிவரும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் மிதந்து பார்ப்பவருக்குத்தான் எது தேறியது, எது போனது என்று தெரியும். அப்படிப் பார்க்கும் கண்கள் நம் வீடுகளில் இருந்தால் நல்லது.

கடைசியாக, மேட்டு நிலத்திலுள்ள க்யூர்பிப், வாக்வா பக்கத்து நேயர்களுக்கு ஒன்று. ஸ்கூபா முடித்தபின் விமானம் ஏற 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், ஒன்றுக்கு மேல் இறங்கியிருந்தால் 18. இந்தக் கணக்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலேயே தொடங்குகிறது. க்யூர்பிப் கடல் மட்டத்துக்கு மேல் 550 மீட்டரை ஒட்டி இருக்கிறது, வரம்புக்கு மிக அருகில். ஆகவே ஆழமாக இறங்கிய அன்று உடனே காரைக் கிளப்ப வேண்டாம். சாயங்காலம் வரை சவுக்கு நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு, மெல்ல மேலே போங்கள். பிரியாணி மிச்சமிருந்தால் அதையும் முடித்துவிடலாம். செய்திகளுக்கு நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். வணக்கம்.