எடை குறைக்கும் ஊசி: எத்தனை மாசம் போடணும்?

(2026 ஜனவரியில் சென்னை பெரம்பூரில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் மருந்தாளுநர். கடையில் நின்று பார்ப்பதை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற எடை குறைக்கும் ஊசி இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி என்ற இன்னொன்று வந்தது. அதிலிருந்து "அந்த எடை குறையிற ஊசி இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். சீட்டு எங்கே என்றால், "டாக்டர்கிட்ட அப்புறம் வாங்கிக்கிறேன், முதல்ல விலையச் சொல்லுங்க" என்பார்கள். விலையைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "எத்தனை மாசம் போடணும்?" இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்த மருந்து ஏமாற்று வேலை இல்லை. எடைக் குறைப்பு மருந்துகளின் பழைய கதை மோசமானது என்பதால் சந்தேகம் வருவது நியாயம்தான். 1930-களில் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தைக் கொடுத்தார்கள், கண்புரை வந்தது, உயிர்களும் போயின. 1997-இல் ஃபென்ஃபுளூரமின் இதய வால்வைக் கெடுப்பதாகத் தெரிந்து விலக்கப்பட்டது. ரிமோனாபன்ட் 2006-இல் ஐரோப்பாவுக்கு வந்து, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கிளப்பியதால் 2008-இல் போனது. சிபுட்ரமினுக்கு 2010-இல் அமெரிக்காவில் கதவு சாத்தினார்கள், அடுத்த வருஷம் நம் ஊரிலும் தடை. இவ்வளவு விழுந்த பிறகுதான் எடைக் குறைப்புக்கு ஜிஎல்பி-1 வகை மருந்து வந்தது.

நாம் சாப்பிட்டதும் குடலில் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன்தான் ஜிஎல்பி-1. உடம்பில் ஓரிரு நிமிஷம்தான் தங்கும், அதனால் அப்படியே மருந்தாக்க முடியவில்லை. அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா என்றொரு விஷப் பல்லி இருக்கிறது. அதன் விஷத்தில் இதே வேலையைச் செய்கிற, ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளை ஜான் எங் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். அதிலிருந்து எக்ஸனடைட் 2005-இல் சர்க்கரை நோய்க்கு வந்தது. பிறகு தினம் ஒரு ஊசியாக லிராகுளூடைட், வாரம் ஒரு ஊசியாக செமாகுளூடைட், அதாவது வெகோவி. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. மவுன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைட் அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் ஏறக்குறைய 21 சதவீதம் குறைத்தது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 17,604 பேரிடம் செமாகுளூடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்து 20 சதவீதம் குறைத்ததாக 2023-இல் முடிவு வந்தது. எனக்கு எடைக் கணக்கை விட இதுதான் பெரிய விஷயம்.

சரி, எத்தனை மாசம்? செமாகுளூடைட் ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. அவர்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மருந்து போனதும் பசி திரும்பி வருகிறது, பிபி மாத்திரையை விட்டால் பிபி ஏறுவதைப் போலத்தான். ஆக, பெரும்பாலானவர்களுக்கு இது மூன்று மாச கோர்ஸ் இல்லை, வருஷக்கணக்கில் போட வேண்டிய மருந்து. இன்னொன்றும் கவனியுங்கள். வெகோவியை 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து மாசத்துக்கு ஒரு படியாக ஏற்றி, முழு அளவான 2.4-ஐத் தொடவே நான்கு மாசம் ஆகும். எங்கள் கடையில் வாங்குகிறவர்களில் பலர் மூன்றாவது மாசத்தோடு காணாமல் போகிறார்கள். குமட்டலையும் மலச்சிக்கலையும் பட்டு, செலவையும் செய்து, பலன் வருகிற நேரத்தில் நிற்கிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது.

ஏன் நிற்கிறார்கள்? பணம்தான். மவுன்ஜாரோ வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரம் ஒன்று, வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். வெகோவி மாசம் 17,345-இல் தொடங்கி, 2025 நவம்பரில் ஆரம்ப அளவு 10,850-க்கு இறங்கியது. இன்சூரன்ஸும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. 2026 மார்ச்சில் செமாகுளூடைட் காப்புரிமை இந்தியாவில் முடிகிறது, அதன் பிறகு மற்ற கம்பெனிகளும் தயாரிக்கலாம், டாக்டர் ரெட்டீஸ், சன் பார்மா, சைடஸ் எல்லாம் தயாராக நிற்கின்றன. விலை இறங்கும், அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் விலை இறங்கினால் சீட்டில்லாமல் கேட்கிற கூட்டமும் கூடும், போலியும் வரும். போலி செமாகுளூடைட் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024-லேயே எச்சரித்துவிட்டது. அதனால் வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். இந்த ஊசி கடையில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், வெளியே கொஞ்ச நாள் வைத்தாலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் ஒரு மணி நேரம் கிடந்த ஊசியை யார் நம்பிப் போடுவது? கடையில் ஐஸ் பேக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு அம்மா வந்து, "பொண்ணுக்கு வைகாசில கல்யாணம், அதுக்குள்ள பத்து கிலோ குறையணும்" என்றார். கர்ப்பம் தரிக்க நினைக்கிறவர்கள் குறைந்தது இரண்டு மாசம் முன்பே செமாகுளூடைட்டை நிறுத்த வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மருந்து தேவையா என்பதையே டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் ஒருவகை தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள் எல்லாம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். எடையோடு தசையும் கரையும் என்பதால் முட்டை, பயறு, சுண்டல், கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி, இதெல்லாம் கூடவே வேண்டும்.

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் அதிக எடை உள்ளவர்கள். இத்தனை பேருக்கும் ஊசி வேண்டாம். ஆனால் சுகரும் பருமனும் சேர்ந்தவர்கள், இதய நோயோடு பருமன் உள்ளவர்கள், இவர்களில் ஏழைகள் எங்கே போவார்கள்? மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்க நம்மிடம் 1994 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே போகிறது. காப்புரிமை முடிந்ததும் செமாகுளூடைட்டை அந்தக் கொள்முதலில் சேர்க்க வேண்டும், முதலில் அரசு மருத்துவமனை சர்க்கரை நோய்ப் பிரிவில் இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் பணியாளர்கள் கையில் ஒரு இஞ்சு டேப்பும் இருக்கட்டும், பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்புச் சுற்றளவு போனால் குறித்துக்கொள்ளட்டும். இதைக் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், அந்த மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.